பொய்ச்சாட்சி சொல்லும் படம்

பாலியல் விடுதலை என்னும் முழக்கம் ஐரோப்பாவில் ஓங்கி ஒலித்தபோது, அதனைக் காசாக்க முனைந்த மலிவுப் படங்கள் பல. அவற்றுள் இன்றும் பேசப்படுவது, சுவீடனில் 1973இல் எடுக்கப்பெற்ற 'த்ரில்லர்'. இங்மார் பெர்க்மனின் 'பெர்சோனா'வில் பணியாற்றிய பூ ஆர்னே விபேனியஸ், இதனைப் புனைபெயரில் இயக்கினார்.

சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளாகி ஊமையானவள் மாடலெய்ன். டோனி என்பவன் அவளை ஹெராயினுக்கு அடிமையாக்கி, விலைமகளாக்குகிறான்; எதிர்த்தபோது ஒரு கண்ணைப் பறிக்கிறான். பெற்றோரை வெறுப்பதாக அவள் பெயரிலேயே கடிதம் எழுதுகிறான். அவர்கள் உயிரை மாய்த்துக் கொள்கின்றனர். அவளோ துப்பாக்கியும் வாகனமும் கையாளப் பயின்று பழிதீர்க்கிறாள். கிறிஸ்டினா லிண்ட்பெர்கின் பேசாத அந்த ஒற்றைக் கண் நம் நெஞ்சை விட்டு எளிதில் அகல்வதில்லை. அந்த அளவுக்குப் படத்தில் உண்மை உண்டு.

ஆயினும் நம்மை உறுத்துவது வேறு. படத்தின் நடுவே அப்பட்டமான ஆபாசத் துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றில் இருப்பது லிண்ட்பெர்க் அல்லர். வேறொரு பெண்ணின் உடல். பார்ப்போர் அதனை அவருடையதென்றே கொள்ளுமாறு படம் தொகுக்கப்பட்டிருக்கிறது. டோனி எழுதிய கடிதத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? வாய் பேசாதவள் பெயரில் அவன் பொய் எழுதினான். நடிகையின் பெயரில் படம் பொய் காட்டிற்று. பெண்ணின் மானத்தின்மீது பழி சுமத்துவோன் நான்கு சாட்சிகளைக் கொணரல் வேண்டும் எனத் திருமறை விதித்திருக்க, இங்கே கேமராவே பொய்ச்சாட்சியாக நிற்கிறது.

கொடுமையை வெறுக்கச் செய்யவே அதனைக் காட்டினர் என்று வாதிடுவோர் உளர். 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டோர் அத்துண்டுகளை அகற்றியே வெளியிட்டனர். கதையோ, அவளுடைய துயரோ, பழிதீர்க்கும் நியாயமோ சிறிதும் குறையவில்லை. அத்துண்டுகள் கதைக்காக அன்று, கடைக்காகவே சேர்க்கப்பட்டவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தணிக்கை இதற்கு மருந்தாகவில்லை. சுவீடன் தணிக்கையாளர் படத்தைத் தடுத்தனர்; விற்றவர்களோ அத்தடையையே விளம்பரமாக்கினர். வயது வந்தோருக்கான தணிக்கையும் 2011இல் அந்நாட்டில் முடிவுற்றது. குவென்டின் டாரன்டினோவின் 'கில் பில்' (2003) படத்தில் மாடலெய்னின் கண்மறைப்பை வேறொருத்தி அணிந்து வந்தாள். கண்மறைப்பு கடல் கடந்தது. அக்கடிதத்தின் வினா கடக்கவில்லை.

கட்டுடைத்த சமூகம் பெண்ணுக்குப் பேச்சுரிமை தந்ததா, அன்றி அவள் பெயரில் பிறர் பேசும் உரிமையை வணிகனுக்குத் தந்ததா? பழிதீர்த்து முடித்த பின்னும் மாடலெய்ன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பக்கம் நிற்பதாகச் சொல்லும் எந்தக் கலையையும், அவளைப் பேசவிட்டதா என்று கேட்டே நாம் மதிப்பிடுதல் வேண்டும்.