பலிக்கு யாரைக் கேட்கிறார்கள்? கே.ஏ. குணசேகரனை ரசிப்பது எப்படி

சித்திரை மாதம் அரவான் திருவிழாவுக்காகக் கூவாகத்தில் விடிய விடிய நின்றவர்களுக்குக் கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ நாடகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாதிப் பாடம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

அரவான் கதையை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பாண்டவர் ஜெயிக்கக் களப்பலி வேண்டும். அதுவும் 32 லட்சணம் பொருந்திய ஆளாக வேண்டும். அப்படி இருப்பவர்கள் கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான் என்று மூன்றே பேர். முதல் இரண்டு பேரும் போருக்குத் தேவை. மிச்சம் யார்? அர்ஜுனனுக்கு நாககன்னி பெற்ற பிள்ளை. அரண்மனையில் வளராதவன், அப்பன் முகத்தை அதிகம் பார்க்காதவன். கூத்தில் இந்த இடம் வரும்போது முகவீணை இழைய, நமக்குக் கண் கலங்கிவிடும். கண் கலங்கியதாலேயே “ஏன் இவன்?” என்று கேட்க மறந்துபோகிறோம்.

குணசேகரன் அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். கூவாகத்தைப் போலவே அவருடைய நாடகத்திலும் தேர் உண்டு. அது ஓட வேண்டுமென்றால் நரபலி வேண்டுமென்கிறார்கள். ஊரின் விரல் சேரியை நோக்கி நீள்கிறது. அதோடு விட்டிருந்தால் அது ஒரு பிரச்சார நாடகமாகத்தான் நின்றிருக்கும். சேரிக்குள் வந்த பிறகு கத்தி பெண் பக்கம் திரும்புகிறது பாருங்கள், அங்கேதான் நாடகம் உயரம் போகிறது. தமிழின் முதல் தலித் நாடகம் என்று இதைச் சொல்வார்கள். தன் ஆட்களையும் கூண்டில் ஏற்றிய துணிச்சலுக்காகவே எனக்கு இது பிடிக்கும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்குச் செத்தவர்கள் யார், கல்வராயன் மலை மேல் பழி எப்படி விழுந்தது என்று தெரிந்த கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழசாகத் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை. அச்சில் படித்தால் அவருடைய நாடகங்கள் கொஞ்சம் மெலிந்து தெரியும். வசனம் சில இடங்களில் நேராகவே பிரசங்கம் பண்ணும். மனசுக்குள் படிக்காமல் நாலு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். பறை தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. தீயில் காய்ச்சிய தோல் முறுகி நிற்க, மூங்கில் குச்சி மேலே சிதற, தடித்த அடிக்குச்சி நடுவில் விழும்போது, பிரசங்கமாகப் பட்ட வரிக்கும் உடம்பு வந்துவிடும். அவர் எழுதியது உடம்புக்காக.

அவர் முதலில் பாடகர் என்பதை மறந்துவிட்டு நாடகத்தைத் தொட வேண்டாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைப் பற்றிக் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். கேட்கும்போது ராகத்தைத் தேடாதீர்கள். ஒப்பாரிக்குப் போகப்போகிற குரல் எந்த இடத்தில் திரும்பி அதட்டலாகிறது என்று பாருங்கள். அவருடைய குழுவில் பாடி வளர்ந்தவர்தான் பாடகி சின்னப்பொண்ணு. அவர் பாடிய ‘நாக்க முக்க’ மட்டும் தெரிந்தவர்கள் அங்கிருந்து பின்னோக்கி வரலாம்.

வாத்தியார் வேலையையும் அவர் இதோடு சேர்த்தே பார்த்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பாடம் நடத்தினார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். இதே போல 1965-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பினக் கவிஞரும் நாடகக்காரருமான அமீரி பராக்கா கறுப்பர்களுக்கென்று நாடகக் கொட்டகையும் பள்ளியும் ஒன்றாகவே தொடங்கினார். மேடையும் வகுப்பறையும் போராட்டமும் ஒரே ஆளின் கையில் இருந்த வகையில் இருவரும் உறவுக்காரர்கள். குணசேகரனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இழிவென்று ஒதுக்கிய கலைகளை அவர் ஆய்வேட்டுக்குள் நுழைக்க வேண்டியிருந்தது. ‘சேரிப்புறவியல்’ என்று ஒரு புத்தகத்துக்கே பெயர் வைத்தார். பல்கலைக்கழக அலமாரியில் அந்தத் தலைப்பு நிற்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், சந்தோஷச் சிரிப்பு.

2016 ஜனவரியில் அவர் இறந்தார். சிவகங்கைச் சீமை மாரந்தை கிராமத்துப் பிள்ளைப்பருவம் ‘வடு’ தன்வரலாற்றில் இருக்கிறது. அதை நாடகங்களுக்குப் பிறகு படியுங்கள். முதலில் படித்தால் இரக்கம் முந்திக்கொள்ளும், கலை பின்தங்கிவிடும். இளையான்குடியில் முஸ்லிம் வீடுகள் சாதி பார்க்காமல் பழகியதைச் சொல்லும் பக்கங்களை அவசரமாகப் புரட்ட வேண்டாம். பக்கத்துக் கிராமத்தில் தம்ளர் வேறு, திண்ணை வேறு. சில மைல் தள்ளி அதே பையன் சாதாரணப் பிள்ளையாக நடமாடுகிறான். மேடையில் அவர் பாத்திரங்கள் அவ்வளவு கோபப்படுவது ஏனென்று அங்கேதான் பிடிபடும்: வேறு மாதிரியும் வாழ முடியும் என்று அவர் சின்ன வயசிலேயே பார்த்துவிட்டார்.