பெயிண்டுக்கு அடியில் போன கணக்கு

தாத்தாவோட டிராக்டரைத் தூசி தட்டி மறுபடி ஓடவைக்கிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. இங்கிலாந்தோ, பஞ்சாபோ, நம்ம ஊரோ, கதை ஒன்றுதான். முதல் காட்சியில் மரத்தடியில் துருப்பிடித்த வண்டி. அப்புறம் வயர் பிரஷ், பட்டி, ஸ்பிரே பெயிண்ட். கடைசியில் சைலன்சரில் குப்பென்று கரும்புகை, பின்னணியில் பியானோ, ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இரண்டு வருஷமாக இதே வேலையாக இப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்துத் தள்ளியிருக்கேன். நானும் கண்ணைத் துடைத்தவன்தான். ஆனாலும் இவற்றின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கு.

எஞ்சின் கிளம்பியதும் வீடியோ முடிந்துவிடுகிறது. கலப்பையை மாட்டி ஒரு சால் ஓட்டிக் காட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பழைய டிராக்டரில் அதிசயமான பாகம் எது என்று இவர்களுக்குத் தெரியவே இல்லையோ என்று எனக்கு சந்தேகம்.

எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா, எங்க கோபி பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) விட்டுப்போனது ஒரு மாஸ்ஸி ஃபெர்குசன் 1035. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம், மாஸ்ஸி ஃபெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து செய்த வண்டி. பெயரில் இருக்கிற ஃபெர்குசன், ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். அவருக்கு முன்னால் டிராக்டர் என்றால் மாட்டுக்குப் பதில் இரும்பு, அவ்வளவுதான். கலப்பையைப் பின்னால் கட்டி இழுக்கும். கொழு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். அப்படிச் செத்தவர்கள் நிறைய.

ஃபெர்குசன் கலப்பையை வண்டியோடு மூன்று இடத்தில் பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். மண் இறுகினால் கலப்பை முன்பக்கமாகச் சாயப் பார்க்கும், டாப் லிங்க் வண்டியை நோக்கித் தள்ளும், அங்கே ஒரு தடித்த ஸ்பிரிங் அமுங்கும். அந்த அசைவு ஹைட்ராலிக் வால்வைத் திறக்க, கலப்பை கொஞ்சூண்டு மேலே எழும். இழுவை குறைந்ததும் மறுபடி இறங்கும். டாப் லிங்க் தள்ளுகிற அதே விசை முன்சக்கரத்தையும் தரையில் அழுத்திப் பிடிக்கும். மண்ணின் கடினத்தை ஒரு ஸ்பிரிங் படித்துச் சொல்ல, எண்ணெய் அதற்குக் கீழ்ப்படிகிறது. சென்சார் கிடையாது, ஒரு வரி கோடு கிடையாது. 1936-லேயே இதை வைத்து டிராக்டர் விற்றிருக்கிறார்கள். 1946-ல் கோவென்ட்ரியில் தொடங்கி ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான டிஇ20-யிலும் இதுதான். ஃபீட்பேக் லூப் பற்றிக் காலேஜில் நாலு வருஷம் படித்தேன். அது எனக்கு நிஜமாகப் புரிந்தது இந்த ஸ்பிரிங்கைக் கையில் பிடித்தபோதுதான்.

வீடியோக்களில் இந்த ஸ்பிரிங்குக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து ஆட்டம் இருக்கா என்று சோதிப்பதில்லை. ஆட்டம் இருந்தால் கலப்பை சும்மா மேலும் கீழும் குதிக்கும், உழவு ஒரே ஆழத்தில் இருக்காது. இன்னொன்று எண்ணெய். இந்த வண்டியில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் ஒரே எண்ணெய். மழையில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கியர் லீவர் வழியாகத் தண்ணீர் இறங்கி எண்ணெய் பால் மாதிரி ஆகியிருக்கும். அதை வடித்துக் கழுவுவதுதான் முதல் வேலை. ஆனால் கேமராவுக்கு அது அழகில்லை.

எங்க ஊர் பழைய மெக்கானிக் கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங்க தம்பி, கலப்பையைத் தூக்கி நிறுத்திட்டு எஞ்சினை ஆஃப் பண்ணிப் பார்த்தீங்களா?" மெல்ல இறங்கினால் உள்ளே எங்கேயோ எண்ணெய் கசியுது. எங்க வண்டியில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தரை தொட்டுவிட்டது. அதற்குள் நான் பானெட்டுக்குப் பெயிண்ட் கலர் தேர்ந்தெடுத்து முடித்திருந்தேன்.

வீடியோக்காரர்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு முழுசாக இல்லை, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், கோயில் சுவர்களில் மணல் வீசிச் சுத்தம் பண்ணி கல்வெட்டு எழுத்தை மழுங்கடிப்பது பற்றி எத்தனை தடவை கத்தியிருக்கேன் என்று. அதே நான், வலது மட்கார்டைக் கழற்றி, மணல் அடித்துப் பெயிண்ட் போடச் சொல்லி ஒரு டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பினேன். கண்ணாடி மாதிரி வந்தது. அப்பாவிடம் காட்டினேன். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கதான அப்பாரு கணக்குக் கீறி வெச்சிருப்பாரு" என்றார்.

வாடகைக்கு உழவு ஓட்டிய மணிக்கணக்கை அப்பாரு ஆணியால் மட்கார்டின் உள்பக்கத்தில் கீறி வைப்பாராம். நோட்டு வயலில் நனைந்துவிடும் என்பதால். எனக்குத் துருவும் கீறலுமாகத்தான் தெரிந்திருந்தது. ஒரு ப்ராஜெக்டின் வெர்ஷன் ஹிஸ்டரியை மொத்தமாக அழித்துவிட்டு, கோடு இப்போ நீட்டா இருக்கு பாருங்க என்று சொல்கிற ஆளை நான் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

புதுப்பிப்பது என்ற பெயரில் நடப்பது அழிப்பு என்று ஜான் ரஸ்கின் 1849-லேயே கட்டடங்களைப் பற்றி வாதாடியிருக்கிறார். ஆனால் கல்லை விட்டுவைக்கலாம், தகடு அப்படியில்லை. துருவை விட்டால் பத்து வருஷத்தில் எழுத்தும் இருக்காது, தகடும் இருக்காது. அதனால் எதையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. சுரண்டும் முன் பாருங்க, போட்டோ எடுங்க, எண்ணெய் போட்டுத் துருவை நிறுத்த முடியுமா என்று யோசிங்க. இருபது நிமிஷ வீடியோவில் இதற்கு ஒரு நிமிஷம் போதும். நான் பார்த்த ஒருத்தர்கூடக் கொடுக்கவில்லை.

இடது மட்கார்டு தப்பித்தது. கல்வெட்டுக்குச் செய்வது போல, ராத்திரியில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பதினோரு வரி தேறியது. ஆள் பெயர், மணி, ரூபாய். ஒரு பெயருக்கு நேரே ஆறரை மணி, ரூபாய் இல்லை, "விட்டாச்சு" என்று மட்டும். அது யார், ஏன் விட்டார் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை.

ஹைட்ராலிக் பம்ப் இப்போ மெக்கானிக்கிடம் பிரித்துக் கிடக்கு. வண்டி ஒரு பக்கம் பளபளன்னு, மறுபக்கம் துருவும் எண்ணெயுமா நிற்குது. சித்தப்பா போன வாரமும் கேட்டார், "ஏண்டா, ஆயுத பூஜைக்குள்ள அந்தப் பக்கத்தையும் அடிச்சிருவியா?"