டாக்டர் மேரி வர்கீஸ் வரலாறும் நமது அருளுரைகளும்

ஊனத்தையும் துன்பத்தையும் விசுவாசத்தினால் மேற்கொண்டோரின் வரலாறுகள் நமது பிரசங்க பீடங்களில் பெருவழக்காய் வழங்கி வருகின்றன. அவற்றுள் தமிழகத் திருச்சபைகளுக்கு மிக அணுக்கமானது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாறாகும். அதனை உலகறியச் செய்தது, அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் 1963-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ என்னும் நூல். இந்நூலையும், குருமாராகிய நாம் இதனைக் கையாளும் முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறுவோம். 1925-இல் கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூரில் மருத்துவம் பயின்று அங்கேயே பணியாற்றினார். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத் தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வையும் இயக்கத்தையும் இழந்தார். முகத்திலும் ஆறாத் தழும்பு ஏற்பட்டது. தொழுநோயினால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை 1940-களின் பிற்பகுதியிலிருந்தே அக்கல்லூரியில் வளர்த்து வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவருடைய தூண்டுதலால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அப்பணியைக் கற்று, பலருக்குக் கைகளை மீட்டுத் தந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு நிலையத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார்.

நூலின் சிறப்பு அதன் நேர்மை. விசுவாசியின் உள்ளத்தில் மனக்கசப்பும் மறுப்பும் எழுவதை ஆசிரியர் மறைக்கவில்லை. இறைவனுக்குத் தன்னை ஒப்புவித்தல் ஒரே நாளில் முடிந்துவிடும் செயல் என்று அவர் காட்டவுமில்லை. எனினும் நூலுக்கு ஓர் எல்லை உண்டு. 1963-இல் வெளிவந்த நூல், 1966-க்குப் பின் நிகழ்ந்தவற்றைக் கூறியிருக்க இயலாது. ஆகவே தனி ஒருவர் தம் துயரை மேற்கொண்ட கதையே அதன் உள்ளடக்கமாயிற்று. அத்துயரிலிருந்து பிறருக்கென எழுந்த நிறுவனப் பணி, அதாவது வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு, அதன் பக்கங்களுக்கு வெளியே நிற்கின்றது. இதனை ஆசிரியரின் குற்றமாகக் கொள்வதற்கில்லை. நூல் முடிந்த இடத்திலேயே நமது பிரசங்கங்களும் முடிந்துவிடுவதே குற்றம்.

இவ்வரலாற்றைக் கையாள்வதில் நம்மிடையே மூன்று பிழைகள் காணப்படுகின்றன.

முதலாவது, மேற்கொள்ளுதலையே விசுவாசத்தின் அளவுகோலாக்குதல். மேரி வர்கீஸ் வென்றார், ஆதலின் நீயும் வெல்லலாம் என்று கூறும்பொழுது, பத்தாண்டுகளாகப் படுக்கையில் கிடக்கும் சபையார் தம் விசுவாசம் குறைவுடையது என்றே முடிவு செய்வர். பிறவிக் குருடனைக் குறித்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவியபோது, ஆண்டவர் அவ்வினாவின் அடிப்படையையே மறுத்தார் (யோவான் 9:1-3). பாவத்தைக் காரணங்காட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிட்ட நாம், விசுவாசக் குறைவைக் காரணங்காட்டும் புதிய வழக்கத்தைக் கொணர்ந்துள்ளோம். பவுல் மும்முறை வேண்டியும் முள் அகலவில்லை (2 கொரிந்தியர் 12:7-9). அகலாத முள்ளோடு வாழ்ந்த அப்போஸ்தலனை விசுவாசக் குறைவுடையவன் என்பார் யார்?

இரண்டாவது, உடன்நின்றோரை மறைத்தல். கை அறுவையை மருத்துவர் அமர்ந்தே செய்ய இயலும். அதனைக் கண்டு, இப்பணிக்குக் கால்கள் தேவையில்லை என்று எண்ணியவர் ஒரு தோழர். பயிற்றுவிக்க ஆசிரியர்களும், தூக்கி இருத்தச் செவிலியரும், இடம் கொடுக்க ஒரு மருத்துவமனையும் இருந்தன. மரமேறும்போது தவறி விழுந்து முதுகுத் தண்டு முறிந்த தொழிலாளிக்கு இவற்றுள் எது இருந்தது? பாகாயத்து நிலையம் இவ்வினாவுக்கு விடையாக விளங்கியது. தமக்குக் கிடைத்த துணை பிறர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வர் கூரையைப் பிரித்தபொழுது, ஆண்டவர் கண்டது அவர்கள் அனைவருடைய விசுவாசத்தை என்று மாற்கு கூறுகின்றார் (மாற்கு 2:3-5). அங்கே விசுவாசம் ஒரு கட்டடத்தை மாற்றியமைக்கும் செயலாயிற்று என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

மூன்றாவது, ஊனமுற்றோரை எடுத்துக்காட்டாக்கி, பேசுவோராக ஏற்க மறுத்தல். அவர்களைக் குறித்துப் பேசுகின்றோம். அவர்கள் பேச நாம் கேட்பதில்லை. அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட் அம்மையார், தாமே ஊனமுற்றவராயிருந்து, 1994-இல் ‘த டிஸேபிள்டு காட்’ என்னும் நூலை எழுதினார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் காயங்களை அகற்றாமல் காட்டினார் என்பதே அவருடைய சிந்தனையின் மையம். தோமா ஆண்டவரை அறிந்து அறிக்கையிட்டது அக்காயங்களின் முன்னிலையில் அன்றோ? ஆயின் மகிமையடைந்த உடலும் வடுவுடைய உடலே.

இவ்வாறு கூறுவது தனி மனிதரின் துணிவைக் குறைத்து மதிப்பதாகும் என்று சிலர் கருதலாம். அவ்வாறன்று. தோழர்கள் இருந்தும் துணிவின்றிச் சோர்ந்து போவோர் உண்டு. மேரி வர்கீஸின் துணிவு மெய்யானது. அவருடைய ஜெபமும் மெய்யானது. ஆனால் அத்துணிவு தன்னோடு நின்றுவிடாமல் ஒரு நிலையமாக வடிவெடுத்தது. துணிவை மட்டும் புகழ்ந்து நிலையத்தை மறப்பது அவரைப் பாதியளவே புகழ்வதாகும்.

இதனை நமது சுற்றுப்புறத்தில் பொருத்திப் பார்ப்போம். தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை, பின் சோழிங்கநல்லூர் வரை, புதிய குடியிருப்புகளோடு புதிய ஆலயங்களும் பெருகியுள்ளன. நிலத்தின் விலை காரணமாக ஆராதனை மண்டபத்தை மாடியில் அமைப்பதும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர் கீழேயே நிற்க வேண்டியதுதான். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகின்றது. பொதுக் கட்டடங்களைத் தடையற்றவையாக்கும் கடமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்துகின்றது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று அழைக்கவும் கற்றுக்கொண்டோம். சொல் மாறியது; படிக்கட்டு மாறவில்லை.

மேவிபோசேத்தின் வரலாறு இங்கு நினைவிற்கு வருகின்றது. அவன் அரசனின் பந்தியில் நாள்தோறும் அமர்ந்தான் என்று கூறிய வேதம், அவன் இரு கால்களும் முடமானவன் என்று சொல்லியே அவ்வதிகாரத்தை முடிக்கின்றது (2 சாமுவேல் 9:13). அவன் நடந்தானில்லை, ஆயினும் பந்தியில் அவனுக்கு இடம் இருந்தது.

ஆகவே உடன்ஊழியருக்கும் இறையியல் மாணவருக்கும் சில வேண்டுகோள்கள். இவ்வரலாற்றைப் பிரசங்கிக்கும்பொழுது 1954-இல் தொடங்கி 1966 வரையேனும் சொல்லுங்கள். சொல்லுமுன், உங்கள் சபையில் திருவிருந்துப் பந்திக்கு வர இயலாதோர் எவர் என்று வீடு வீடாய்ச் சென்று அறியுங்கள். ஊனமுற்ற இளைஞர் ஊழிய அழைப்பை உணர்ந்து முன்வருங்கால், லேவியராகமம் 21-ஐக் காட்டித் தடுக்காமல், அவருக்கு எத்தகைய பீடம் வேண்டுமென்று கேட்டு அதனை ஆயத்தஞ்செய்வோமாக.