வீட்டுக் கூடத்தில் கடல் அடங்குமா?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலை இருக்கிறது. அங்கு நின்று கிழக்கே பார்த்தால் மலைதான் தெரியும். கடலோ அதற்கும் அப்பால் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இவ்வூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டியில் உப்பு நீர் நிரப்பி, பவளங்களையும் கடற்பாசிகளையும் வளர்க்க ஒருவர் விரும்புவதாகக் கொள்வோம். நீல விளக்கொளியில் அசையும் அந்தக் காட்சியைப் படங்களில் கண்ட யாருக்கும் இந்த ஆசை எழுவது இயல்பே. வாசகரே, உங்களுக்கும் எழுந்திருக்கலாம்.

இப்பொழுதுபோக்கைப் புகழ்வோர் மூன்று காரணங்களைக் கூறுவர். ஒன்று, அது கடலின் சிறு வடிவம். இரண்டு, அது அறிவியலைக் கற்பிக்கிறது. மூன்று, அழிந்துவரும் பவளங்களைக் காக்க அது உதவுகிறது. இம்மூன்றும் எந்த அளவுக்கு உண்மை என்பதை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

உப்பு போட்டால் கடல் நீர் ஆகுமா?

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ தேவை. மரக்காணத்து உப்பளங்கள் அருகில்தானே, ஏழு கிலோ உப்பு வாங்கிக் கரைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் அடியில் படிகின்றன. அதன்பின் சமையல் உப்பு படிகிறது. மக்னீசிய உப்புகள் கடைசிவரை கசப்பான நீரிலேயே தங்கிவிடுகின்றன. நமக்குக் கிடைக்கும் உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் வழியிலேயே நின்றுவிட்டன. ஆகவே, இவற்றையெல்லாம் உரிய அளவில் கலந்து விற்கும் செயற்கைக் கடலுப்பைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மை மிகுதி, நைட்ரேட்டும் கலந்திருக்கலாம். அதை நுண்சவ்வின் வழியே வடிகட்ட வேண்டும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு அதைவிட அதிக நீர் கழிவாக வெளியேறும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் இது சிறிய செலவன்று.

பிறகு ஆவியாதல். ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியானால் ஐந்து நாளில் 20 லிட்டர் குறையும். நீர் போகும், உப்பு போகாது. 7,000 கிராம் உப்பு இப்போது 180 லிட்டரில் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம். உண்மைக் கடலில் இத்தகைய மாற்றம் ஐந்து நாளில் நிகழ்வது அரிது. கடல் பெரியது என்பது வெறும் அளவைப் பற்றிய செய்தியன்று. எந்த மாற்றத்தையும் மெதுவாக்கும் ஆற்றல் அதன் பரப்பிலும் ஆழத்திலும் உள்ளது. தொட்டியில் இல்லாதது அதுதான்.

கல்லாகத் தோன்றும் உயிர்

பவளம் கல்லன்று, செடியுமன்று. சிறு குழாய் போன்ற உடலும் வாயைச் சுற்றி உணர்விழைகளும் கொண்ட விலங்குகளின் கூட்டம் அது. தன் திசுவுக்குள் ஒரு செல் பாசிகளுக்கு அது இடமளிக்கிறது. அப்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. நிலை சீராகாவிடில் பட்டினியால் மடிகிறது.

திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசிப் பகல்களில் வெப்பம் 38, 40 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. தொட்டி நீரை 26 பாகையை ஒட்டி வைக்கக் குளிரூட்டும் கருவி இரவும் பகலும் ஓட வேண்டும். நீரைச் சுழற்றும் பம்பு நிற்கக் கூடாது. மின்சாரம் சில மணி நேரம் தடைப்பட்டால் உயிர்வளி குறைந்து, மீன்கள் மேற்பரப்புக்கு வந்து தவிக்கும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பவளம் தன் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. 200 லிட்டரில் 80 கிராம். பவளங்கள் 10 கிராம் கூடு கட்டினால் 4 கிராம் கால்சியம் செலவாகும்; இருப்பில் இருபதில் ஒரு பங்கு. கவலையில்லை என்று தோன்றும். ஆனால் அதே 10 கிராமுக்கு நீரிலுள்ள பைகார்பனேட்டில் ஏறத்தாழப் பாதி தீர்ந்துவிடும்! எனவே பவளம் நன்றாக வளர்ந்தால் நீர் கெடும். நீரைக் காக்க அன்றாடம் வேதிப்பொருள் அளந்து ஊற்ற வேண்டும். கடலில் இந்தக் கணக்கைப் பார்க்க யாரும் தேவையில்லை. நிலத்துப் பாறைகளைக் கரைத்துவரும் ஆறுகள் அதை ஈடு செய்கின்றன.

முதல் கூற்று இங்கே விழுகிறது. தொட்டி கடலின் சிறு வடிவம் அன்று. இயந்திரத்தால் உயிர் பிழைத்திருக்கும் நோயாளியின் படுக்கைக்கு அதை ஒப்பிடுவதே பொருந்தும்.

பாசி செய்யும் பணி

இனி, இப்பொழுதுபோக்கின் சிறந்த பகுதியைச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. மீன்களின் கழிவு அமோனியாவாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பெரிய கடற்பாசிகள் உறிஞ்சி வளர்கின்றன. வளர்ந்த பாசியை அவ்வப்போது அறுத்து வெளியே எடுத்தால், கழிவையே வெளியே எடுத்ததாகும். அறுக்காமல் விட்டால் அது அழுகி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். பாசி வளரும் பக்கத் தொட்டிக்கு இரவில் விளக்குப் போடும் வழக்கமும் அறிவார்ந்ததே. முதன்மைத் தொட்டி இருளில் கரியமில வாயுவை வெளியிடும்போது, பக்கத் தொட்டி அதை எடுத்துக்கொண்டு நீரின் காரத்தன்மையைச் சமன் செய்கிறது.

இந்தச் சமநிலைக் கருத்து பழமையானது. 1846-இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். நீருக்குக் காற்றூட்ட, அதைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றச் செய்தார். அடுத்த ஆண்டு கடற்பாசிகளைச் சேர்த்தார். பாசி உயிர்வளி தந்தது. பின்னர் பிலிப் ஹென்றி காஸ் 1854-இல் வெளியிட்ட நூலால் இந்த ஆர்வம் இங்கிலாந்தெங்கும் பரவியது. விளைவு என்ன? சேகரிப்போர் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தனர். பாறைக் குட்டைகளின் உயிர்வளம் சூறையாடப்பட்டதைக் காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளிவந்த தம் நூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார். தந்தை ஊட்டிய அன்பே அழிவுக்கும் வழி திறந்தது. இன்றைய தொட்டி ஆர்வலர் மறக்கக் கூடாத வரலாறு இது.

தப்பித்த பாசி

தொட்டியிலிருந்து கடலுக்குச் செல்லும் பாதையும் உண்டு. மீன்காட்சியகங்களில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலர்ப்பா டாக்ஸிபோலியா என்ற பச்சைப் பாசி, 1984-இல் மொனாக்கோ கடற்பொருட்காட்சியகத்தின் அருகே கடலில் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலில் பரந்த பரப்புகளை அது மூடியது. 2000-இல் கலிபோர்னியாவில் ஒரு காயலில் அதே பாசி கண்டுபிடிக்கப்பட்டது. அதை முற்றிலும் ஒழித்ததாக அறிவிக்க ஆறு ஆண்டுகளும் பல லட்சம் டாலர்களும் செலவாயின.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். மண்டபத்தில் 1990-களில் கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி சோதனை முறையில் பயிரிடப்பட்டது. ஐஸ்கிரீம் முதலியவற்றைக் கெட்டிப்படுத்தும் காராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. மீனவப் பெண்கள் பலருக்கு இப்பயிர் வருவாய் தந்தது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்கள் மீது இப்பாசி படர்ந்து மூடுவதாக 2008-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் ஆய்வாளர்கள் எழுதினர். ஒளியை மறைத்தால் பவளத்தின் உள்ளிருக்கும் பாசி செத்துப் போகும் என்பதை மேலே பார்த்தோம். தொட்டியில் நண்பனான பாசி, இடம் மாறினால் பகைவனாகிறது.

யாருடைய பவளம்?

மூன்றாவது கூற்றுக்கு வருவோம். தொட்டிகள் பவளத்தைக் காக்கின்றனவா? வெளிநாடுகளில் பவளத்தைத் துண்டாக்கி வளர்க்கும் முறையில் ஆர்வலர்கள் தேர்ச்சி பெற்றுள்ளனர் என்பது உண்மை. துண்டு நட்டுப் பவளத்திட்டைப் புதுப்பிக்கும் பணி மன்னார் வளைகுடாவிலும் நடக்கிறது. ஆனால் அது ஆய்வாளர்கள் அனுமதியுடன் கடலுக்குள்ளேயே செய்யும் பணி. வீட்டுத் தொட்டியில் வளர்ந்த துண்டு கடலுக்குத் திரும்புவதில்லை. தொட்டிகளுக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளத்திட்டுகளில் பிடிக்கப்பட்டவையே.

நம் நாட்டில் சட்டமும் தெளிவாக உள்ளது. கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் முதலியன 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. கடையில் கிடைக்கிறதே என்பது விடையாகாது.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளங்களைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தனர். அலையைத் தடுக்கும் அரண் போனதும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986-இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன்பின்னும், 2016-இல் கடல் சூடேறியபோது அங்கு உயிருள்ள பவளப் பரப்பு 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. வெப்பத்தால் தவிக்கும் பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து, 40 பாகை வெயிலடிக்கும் ஊரில் மின்சாரத்தால் குளிரூட்டி வைத்து, அதைக் காப்பாற்றியதாகச் சொல்வது பொருந்துமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அறிவியல் கற்க வேறு வழி

இரண்டாவது கூற்று மட்டும் நிற்கிறது. தொட்டி அறிவியலைக் கற்பிக்கத்தான் செய்கிறது. உப்பளவு, காரத்தன்மை, நைட்ரேட்டு எல்லாவற்றையும் அளந்து குறித்துவைப்பவர் நல்ல மாணவரே. ஆனால் அந்தப் பாடத்துக்குப் பவளம்தான் வேண்டுமா?

ஒரு கண்ணாடி ஜாடியில் ஏரி நீரும் அடியில் சிறிது மண்ணும், நான்கு கொத்து வேலம்பாசியும் போடுங்கள். பள்ளியில் புனலைக் கவிழ்த்து உயிர்வளிக் குமிழி பிடித்தோமே, அதே வேலம்பாசிதான். வெயிலில் வைத்து, நிழலில் வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணுங்கள். ஆவியான நீரைக் கோடு கிழித்து அளந்து குறியுங்கள். முட்டை ஓட்டை வினிகரில் இட்டால், கரியமில வாயு மிகுந்து அமிலத்தன்மை ஏறும் கடலில் சுண்ணாம்புக் கூட்டுக்கு நேரக்கூடியது என்ன என்பதன் சாயல் தெரியும். செலவு சில ரூபாய்; யாருடைய தீவும் மூழ்காது.

உயிருள்ள கடலைக் காண விரும்பினால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் இருக்கிறது. திருச்சிக்கு அருகே கல்லக்குடிச் சுண்ணாம்புக் கல்லில், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த பவளங்களும் பாசிகளும் பதிந்துள்ளன. கடல் ஒரு காலத்தில் தமிழகத்தின் உள்நிலம்வரை தானாகவே வந்திருந்தது. இன்று அது பின்வாங்கி நிற்கும் இடத்துக்கு நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அடி அண்ணாமலையிலிருந்து மண்டபத்துக்கு ஓர் இரவுப் பயணம். பள்ளி நண்பர்களுடன் போய் வாருங்கள். தொட்டிக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு வகுப்பே போய் வரலாம்.