காந்த இணைப்பியும் கண்டுபிடிப்பின் எல்லையும்

விடை தெரிந்தபின் வினா எளிதாகத் தோன்றுவது மனித இயல்பு. புத்தாக்கங்களை மதிப்பிடும் நீதிமன்றங்கள் எதிர்நோக்கும் முதன்மைச் சிக்கலும் இதுவே. துறையிற் சாதாரண தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு எளிதிற் புலனாகக்கூடிய ஆக்கத்துக்கு உரிமை வழங்கலாகாது என்கிறது அமெரிக்க ஆக்கவுரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு. 'எளிதிற் புலனாதல்' யாது என்பதை அப்பிள் நிறுவனத்தின் காந்த மின்இணைப்பியைக் கொண்டு ஆராயலாம்.

2006இல் மடிக்கணினிகளோடு அறிமுகமான இவ்விணைப்பி காந்தத்தாற் பொருந்தி நிற்பது. எவரேனும் மின்வடத்தில் இடறினால், கணினியை இழுத்து வீழ்த்தாது தானே கழன்றுவிடும். இதற்கான ஆக்கவுரிமை 2007 டிசெம்பரில் வழங்கப்பட்டது. ஆயின், வெந்நீர் கொட்டி விபத்து நேராவண்ணம் காந்தத்தாற் பொருந்தும் மின்வடங்கள் யப்பானிய மின்கொதிகலங்களில் அதற்கு முன்னரே வழக்கிலிருந்தன.

அதே ஆண்டு ஏப்ரலில், 'கே.எஸ்.ஆர். எதிர் ரெலிபிளெக்ஸ்' வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை வலியுறுத்தியது. ஒரு கருவியை மேம்படுத்திய நுட்பம் அதனையொத்த பிறிதொன்றையும் அவ்வாறே மேம்படுத்தும் எனத் தேர்ச்சியாளர் உணரக்கூடுமாயின், அந்நுட்பத்தைப் பயன்படுத்துதல், அவர்தம் திறனுக்கு அப்பாற்பட்டதாயிருந்தாலன்றி, எளிதிற் புலனாவதே என்பது அக்கோட்பாடு. இதன்படி, காந்தத்தைக் கொதிகலத்திலிருந்து கணினிக்கு மாற்றியமை மட்டும் கண்டுபிடிப்பாகாது. இடறலும் ஒன்றே, தீர்வும் ஒன்றே.

எனினும் ஆய்வு இத்துடன் முடிந்துவிடுவதில்லை. கொதிகலம் ஆடலோட்டத்தில் இயங்குவது. முனைகள் இடம்மாறினும் நீர் கொதிக்கும். மடிக்கணினி வேண்டுவதோ நேரோட்டம். அதில் முனைகள் மாறலாகாது. எப்பக்கமாகப் பொருத்தினும் உரிய முனைகளே தொடும்படி ஐந்து ஊசிகள் இவ்விணைப்பியிற் சமச்சீராக அமைக்கப்பட்டன. இவ்வமைப்பைக் காந்தத்தோடு சேர்த்தற்கு அன்றைய தேர்ச்சியாளருக்குக் காரணம் இருந்ததா என்பதே கேட்கப்படவேண்டிய வினா. கண்டுபிடிப்பு எனத்தக்கது யாதேனும் உண்டாயின், அது இங்கேதான் தேடப்படவேண்டும்.

கே.எஸ்.ஆர். தீர்ப்பின் குறைபாடும் இவ்விடத்திலேயே புலனாகின்றது. இணைப்புக்கான தூண்டுதலை முன்னைய ஆவணங்களிலே காட்டவேண்டுமென்ற இறுக்கத்தை அது தளர்த்தியது சரியே. ஆயின், அவ்விடத்திற் பொதுவறிவுக்குப் பேரிடம் அளித்தமையால், பின்னோக்கிப் பார்க்கும் கண் பொதுவறிவின் பெயராலே நுழைய வாயில் திறந்துவிட்டது. பின்னோக்கின் ஆபத்தைத் தீர்ப்பு தானே எச்சரிக்கின்றதெனினும், எச்சரிக்கை காவலாகிவிடாது.

காவல் 1966ஆம் ஆண்டின் 'கிரகாம் எதிர் யோன் டியர்' தீர்ப்பில் உண்டு. நெடுநாளைய தேவை, பிறரது தோல்வி, வணிக வெற்றி என்பன அது சுட்டும் புறச்சான்றுகள். இவற்றுள் வணிக வெற்றி இவ்விடயத்தில் வலுவற்றது. விற்பனையானது கணினியேயன்றி இணைப்பி மட்டுமன்று. நெடுநாளைய தேவையே நிறுத்துப் பார்க்கத்தக்கது. கணினிகள் வீழ்ந்துகொண்டிருக்க, சமையலறையிற் கிடந்த தீர்வைப் பிறர் எடுத்தாளவில்லையெனின், 'எளிது' என்போர் அதற்கு விடைகூறக் கடமைப்பட்டோராவர்.

ஆக்கவுரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பொதுமக்களை விலக்கி நிறுத்துவது. அறிந்ததற்கு அதனை வழங்கின் பொதுச்சொத்து பறிபோகும். அறியாததற்கு மறுப்பின் ஆக்கியோன் உழைப்பு பறிபோகும். ஆகவே, இணைப்பி முழுவதற்கும் ஒரே தீர்ப்பு எழுதாது, உரிமைக்கோரிக்கை ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தலே நீதியாகும்.