திரைவாசிப்பானுக்கு எட்டாத தமிழ்: கல்விக் கோப்புகளின் அணுகல் குறித்து

செங்கல்பட்டு மாவட்டம் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005இல் தொடங்கப்பட்டது. சிறப்பாசிரியர் பயிற்சியும் மறுவாழ்வும் அதன் பணிகள். இத்தகைய நிறுவனங்கள் இருப்பதனாலேயே, மாற்றுத்திறனாளிகளுக்கான கல்விப் பொருளை அவையே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் நம் துறைகளில் வேரூன்றிவிட்டது. ஆனால் பார்வையற்ற ஆய்வாளர் சந்திக்கும் தடை பெரும்பாலும் நம்முடைய பதிப்பு மேசையிலேயே உருவாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட 'தமிழ்' என்னும் சொல்லை ஒரு திரைவாசிப்பானிடம் கொடுத்துப் பார்க்கலாம். அது 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியும் தமிழ் அக்கோப்பினுள் இல்லை. உரோம எழுத்துகளே உள்ளன. 'கெ' என்பதை இவ்வெழுத்துருவில் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் இட்டு எழுதுகிறோம். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலிலோ விரல் முதலில் ககர மெய்யையும் பின்னர் எகரத்தையும் தொடுகிறது. ஒருங்குறியும் மெய்யை முன்வைத்தே சேமிக்கிறது. ஆகவே ஒருங்குறிப் பனுவலை மென்பொருள் எளிதில் பிரெயிலாக மாற்றும். பாமினிக் கோப்புக்கு முதலில் குறியாக்க மாற்றம் தேவை. எழுத்தின் வடிவத்தைவிட ஒலிவரிசைக்கு முதன்மை தரும் பிரெயில், நம் இலக்கண மரபின் உயிர்மெய்க் கொள்கைக்கு அச்சைவிட நெருக்கமாக இருப்பது தனியே ஆராயத்தக்கது.

தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் தரங்களாக அறிவித்துவிட்டது. எனினும் பழைய எழுத்துருக் கோப்புகளும், பக்கங்களை ஒளிப்படமாக வருடி ஏற்றிய நூல்களும் இன்றும் பாடப்பொருளாகச் சுற்றிவருகின்றன. எழுத்துணரி மென்பொருள் உண்டே என்பர். ரகரத்தையும் துணைக்காலையும் அது மயங்கும் இடங்களில், பாடவேறுபாடு எது, பிழை எது எனக் கேட்டுப் படிப்பவர் எவ்வாறு அறிவார்? செவ்வியல் பனுவல் ஆய்வுக்கு இது சிறு குறையன்று.

சட்டத்தைக் காரணம் காட்டவும் இடமில்லை. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் அணுகத்தக்க படிகளை உருவாக்க இசைவளிக்கிறது. மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

படங்களின் நிலை வேறு வகையானது. முட்டுக்காட்டிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரம். அங்குள்ள பெரும் புடைப்புச் சிற்பத்தின் படத்துக்குக் கீழே 'அருச்சுனன் தபசு' என்று மட்டும் எழுதினால் பார்வையற்ற மாணவருக்குச் சிற்பமும் கிட்டாது, அது பகீரதன் தவமா என்ற விவாதமும் கிட்டாது. நடுவில் பாறைப் பிளவு, அதில் நாகர்கள், ஒற்றைக் காலில் நிற்கும் தவசி, யானைகள், தவக்கோலம் பூண்ட பூனை, அருகே எலிகள் என விவரித்து, அதன்பின் இரு விளக்கங்களையும் தருவதே முறை. எதை முதலில் சொல்வது, எதைப் பெயரிடாமல் விடுவது என்பன உரையாசிரியருக்குரிய முடிவுகள். தொழில்நுட்பப் பணியாளர் தலையில் கட்டக்கூடியவை அல்ல. பட விவரிப்பை ஆய்வுரையின் பகுதியாக மதிக்காதவரை அது எழுதப்படாமலே போகும்.

ஒருங்குறியில் எழுதிவிட்டதாலேயே கடமை முடிந்தது எனவும் கொள்ளலாகாது. பக்க வடிவமைப்பிலிருந்து பிடிஎஃப் ஆகும்போது கொம்பு மீண்டும் இடம் மாறுவதுண்டு. வெளியிடுமுன் ஒரு பத்தியை நகலெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. நான் இதுவரை நிரப்பிய கட்டுரை மதிப்பீட்டுப் படிவங்களில் மேற்கோள் முறை, சொல்லளவு, அடிக்குறிப்பு ஆகியவை பற்றிய வினாக்கள் இருந்தன. கோப்பு வாய்விட்டு வாசிக்கப்படுமா என்ற வினா எதிலும் இல்லை. நானும் அதைக் கேட்டதில்லை.