பதில் சொல்வதற்காகவே எழுதிய வரலாறு

எங்கட ஊர்களில் வரலாற்றுச் சங்கங்கள் வெளியிடும் மலர்களை எடுத்துப் பாருங்கள். முதல் அத்தியாயம் பெரும்பாலும் ஒன்றுதான்: அரபு வணிகர், பாய்க்கப்பல், கரையிறங்கிய துறை. கடைசிப் பக்கங்களில் பள்ளிவாசல் நிருவாகிகளின் பெயர்ப்பட்டியலும் படங்களும். இடையில் வாழ்ந்த சனங்கள் எங்கே என்று கேட்டால், “அதெல்லாம் எழுதப் போனா புத்தகம் பெருத்திரும்” என்பார்கள்.

இந்த வார்ப்பு சும்மா வந்ததல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டுக் கட்டுரை வாசித்தார். மறுவருடம் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் தரப்பட்டது. ஆகவே அது வெறும் ஆய்வுச் சர்ச்சையல்ல, பிரதிநிதித்துவச் சர்ச்சையும்தான். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூல் எழுதினார். சேர் ராசிக் பரீத் 1944இல் தொடங்கிய சோனக இஸ்லாமிய கலாசார நிலையம் 1957இல் அந்நூலை மீள்பதிப்புச் செய்தது. அந்தப் பணிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த மறுப்பு தந்த பழக்கம் எங்களை இன்னும் விடவில்லை. “நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?” என்று மற்றவர் கேட்ட கேள்விக்கே இன்றும் விடை எழுதிக்கொண்டிருக்கிறோம். விடைக்கு உதவுவது மலரில் ஏறுகிறது. உதவாதது கரையானுக்குப் போகிறது.

கிழக்கிலங்கைக் குடிமுறையைப் பாருங்கள். தாயின் குடியே பிள்ளையின் குடி. பள்ளிவாசல் மரைக்காயரும் குடிவழியாகவே வந்தார்கள். மரைக்காயர் பட்டியலை அச்சிடுகிறோம்; அந்தக் குடியைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்திய உம்மாமாரின் பெயர் ஒன்றுகூட இல்லை. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குப் போன கதை சீதன உறுதிகளில் கிடக்கிறது. அதைத் தேடுவாரில்லை. அரபுத் தந்தையைத் தேடிப் போகும் கதைக்குள் தாய்வழிக் குடி அடங்காது என்பதே காரணம் என எனக்குப் படுகிறது.

கல்யாணப் பதிவுகளும் அப்படித்தான். மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, மாப்பிள்ளை எந்த ஊர் என்பவற்றை வரிசையாக வாசித்தால் ஓர் ஊரின் பொருளாதாரமே தெரியவரும்.

இவற்றை இழப்பதன் விலையை வடக்கு கற்றுத் தந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். பின்னாளில் மீளப் போனவர்களிடம் ஆயிரம் வருட வரலாற்றை யாரும் கேட்கவில்லை. “இது உங்கட வளவுதானா, உறுதி இருக்கா?” என்றுதான் கேட்டார்கள். 2004 சுனாமியில் கிழக்குக் கரையோர வீடுகள் அலுமாரியோடு, அதற்குள் இருந்த கடதாசிகளோடு போயின.

“பழசைக் கிளறினா குடும்பச் சண்டைதான் வரும்” என்பார்கள். நியாயமான பயம். தலாக், கடன், காணி வழக்கு எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கும். ஆனால் சேகரிப்பது வேறு, வெளியிடுவது வேறு. பிரதி எடுத்துப் பூட்டி வைக்கலாம். எதை எப்போது திறப்பது என்பதை உரியவர்கள் தீர்மானிக்கட்டும்.

நல்ல முன்மாதிரிகளும் எம்மிடம் உண்டு. எஸ். எச். எம். ஜெமீலின் ‘சுவடி ஆற்றுப்படை’ எம்மவர் நூல்களைத் தேடிப் பட்டியலிட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. இரண்டும் முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்று தேடியவை அல்ல. அச்சில் வந்தவற்றுக்கு அவை செய்ததை, அச்சேறாத கடதாசிகளுக்கு ஊர்ச் சங்கங்கள்தான் செய்ய வேண்டும்.

எனவே அடுத்த மலருக்குக் காசு சேர்க்கும் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களின் செலவில் பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளைப் படம் எடுங்கள். ஊரில் மூத்தம்மா ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்குத் தெரிந்ததை எந்தக் கல்வெட்டிலும் தேடி எடுக்க ஏலாது.